ஜன்னல் கண்ணாடிக்கும் கேள்வி கணக்கு உண்டா?

நாம் வேண்டுமென்று செய்யாத தீங்கிற்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்குமா?

வளைகுடா நாடுகளில் நம் சகோதரர்கள் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளில், பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அழகிய மாடி வீடுகள் எழும்பியுள்ளன. அல்ஹம்துலில்லாஹ்! புது வீட்டின் முகப்பில் அகன்ற கண்ணாடி பதிப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. எதிரேயுள்ள வேப்பமரமும் வானமும் அதில் அப்படியே தெரியும். மெய்யான மரமென்று நம்பிப் பறந்துவரும் பறவை, மோதி விழுந்து மாண்டுபோகும். “நானா கொன்றேன்? என் நிய்யத்தில் அது இல்லையே!” என்பார் வீட்டுக்காரர்.

அவர் கூற்றை ஒதுக்கிவிட முடியாது. அமல்கள் நிய்யத்தைக் கொண்டே என்பது நாமனைவரும் அறிந்த ஹதீஸ். அறியாமல் நேர்ந்ததை மன்னிப்பவன் ரஹ்மான். ஆனால், அறிந்த பிறகு?

பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் கத்தியெடுத்து அதைக் கொல்லவில்லை. தீனி போடவுமில்லை, அவிழ்த்து விடவுமில்லை. அதற்காகவே அவள் நரகம் புகுந்தாள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பொதுவழியில் உரிமையின்றிக் கிணறு தோண்டியவன், அதில் விழுந்ததற்கு ஈடு தரவேண்டும் என்கிறது ஃபிக்ஹு. அவனும் யாரையும் தள்ளிவிடவில்லை. சொந்த மனையில் கண்ணாடி பதிப்பது ஹராம் என்று ஃபத்வா கூற நாம் வரவில்லை. கை வைக்காமலே ஒருவன் பொறுப்பாளியாகக் கூடும் என்பதைத்தான் சொல்கிறோம்.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது திருமறை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைப் பாருங்கள். புள்ளம்பாடி வாய்க்கால் தரும் காவிரி நீரை நாடி, இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருகின்றன. 1999ல் சரணாலயமாக்கப்பட்ட அந்த ஏரி, 2024ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரிக்கு வனத்துறை காவல். நம் வீட்டுத் தோட்டம் தேடி வரும் தேன்சிட்டுக்கும் மைனாவுக்கும் யார் காவல்?

“மனிதனுக்கே ஆயிரம் துன்பம், பறவைக்கு என்ன?” என்று சிலர் கேட்பர். ஆனால் இதற்கு ஆகும் செலவு அற்பம். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் சுண்ணாம்புப் புள்ளிகளோ கோடுகளோ இட்டால் போதும். பறவை விலகிச் செல்லும். உள்ளே திரை போட்டால் மட்டும் பிம்பம் மறையாது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஒரே கட்டடத்தில் மோதி ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மடிந்தன. மறு ஆண்டு அக்கண்ணாடிகளில் புள்ளிகள் பதித்தனர். சாவு வெகுவாகக் குறைந்தது.

அடிபட்ட பறவை கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சந்தடியின்றி வையுங்கள். தெளிந்ததும் பறக்கவிடுங்கள், தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பள்ளிவாசல், மதரஸா ஜன்னல்களுக்குப் புள்ளியிடும் பணியை நம் இளைஞர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏற்கலாகாதா?

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம் நாம். தரையில் நடப்போர்க்கு மட்டும்தானா பாதை? வானில் செல்வோர்க்கும் உண்டு. அங்கே நாமே வைத்த முள்ளை நாமே அகற்ற, வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.