பல்லில் கட்டும் கம்பி: தெரிவதா, தெரியாததா?

 



கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்தப் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஹாபிழ் ஒருவர் ஒரு மஸ்அலா கேட்டார். வயது முப்பத்தொன்று. ரமளானில் தராவீஹ் தொழ வைப்பவர். மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக் கொண்டிருக்கின்றன. இடுக்கில் உணவு தங்கி, ஈறு வீங்கி, உளூச் செய்யும்போது எச்சிலில் இரத்தம் வருகிறது. பல் வைத்தியர் நான்கு வழிகளைச் சொல்லியிருக்கிறார்: வெளிப்புறம் ஒட்டும் உலோகக் கிளிப்பு, பல்லின் நிறத்திலேயே இருக்கும் பீங்கான் கிளிப்பு, பல்லின் உட்புறம் ஒட்டும் கிளிப்பு, கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறை. "ஹஜ்ரத், இந்த வயதில் பல்லில் கம்பியோடு மிஹ்ராபில் நின்றால் ஜமாஅத்தார் சிரிக்க மாட்டார்களா? வெளியே தெரியாமல் உட்புறம் போட்டுக் கொள்கிறேனே, கூடுமா?" என்றார்.

அதே மாதத்தில் ஒரு தாயாரும் தம் மகளுக்காக இதையே கேட்டனுப்பினார்கள். மகளுக்கு வயது இருபத்தாறு. சம்பந்தம் பேசி வருகிறார்கள். கம்பி தெரிந்தால் வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்களோ என்ற கவலை அவர்களுக்கு.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பல்லைச் சீர் செய்வது கூடுமா என்பது ஒன்று. கூடுமென்றால் எந்த வகை என்பது மற்றொன்று. முதலாவதில் நம் மக்கள் மிகவும் தயங்குகிறார்கள். இரண்டாவதில் தயக்கமே இல்லாமல் மறைவானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் நேர்மாறாகத்தான் சொல்வேன்.

தயக்கத்துக்குக் காரணம் ஒரு ஹதீஸ். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்ளும் பெண்களை அல்லாஹ் சபித்திருப்பதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதென்று அது அங்கே கண்டிக்கப்படுகிறது. ஆனால் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், 'அழகுக்காக' என்ற சொல்லையே பிடித்துக் கொண்டு, சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்யப்படுவதில் குற்றமில்லை என்று தெளிவாக்கி விட்டார்கள். மலேசியாவின் புத்ராஜெயாவில் 2007 ஜூலையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், பிளந்த உதடு, மிகவும் கோணிய மூக்கு, மிகையான பல் போன்ற பிறவிக் குறைகள் உடலுக்கோ மனத்துக்கோ கணிசமான துன்பம் தந்தால் சீர் செய்து கொள்ளலாம் என்றே தீர்மானித்தது. மனத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அதைக் கவனிக்க வேண்டும்.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தி நீங்கள் அறிந்ததுதான். அறியாமைக் காலத்துப் போர் ஒன்றில் மூக்கை இழந்து, வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்து கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது வருகிறது. ஆணுக்குத் தங்கம் தடை. ஆனாலும் தேவை வந்த இடத்தில் வழி திறக்கப்பட்டது. அறிஞர்கள் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டியிருந்தார்கள் என்று திர்மிதீ (ரஹ்) அவர்களே அங்கே குறிப்பிடுகிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மட்டும் பல்லைக் கட்ட வெள்ளியே போதும் என்றார்கள்.

வைத்திய வரலாறும் இதற்கு ஒத்தே இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவின் பெரும் வைத்தியர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (வஃபாத் 1013), முப்பது பாகங்கள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் கடைசிப் பாகத்தில், ஆடும் பல்லைக் கம்பியால் பிணைக்கும் முறையையும், இடம் தவறி முளைத்த பல்லைச் சரி செய்யும் முறையையும் எழுதி வைத்தார். வெள்ளிக் கம்பி சில நாட்களில் பச்சை பிடிக்கும், தங்கமே மேல் என்கிறார். இன்று அந்தச் சிக்கல் நமக்கு இல்லை. கிளிப்பும் கம்பியும் துருப்பிடிக்காத எஃகிலும், நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்திலும் வருகின்றன. தங்க முலாம் பூசிய கிளிப்பும் கிடைக்கிறதாம். எஃகு இருக்கும்போது ஆணுக்கு அந்த முலாம் எந்தத் தேவைக்கு?

நம் ஹாபிழுக்குத் தேவை இருக்கிறதா என்றால், ஐயமில்லாமல் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் எச்சிலை மிகைக்கும் அளவு ஈறில் இரத்தம் வந்தால், அதாவது துப்பியது சிவந்திருந்தால், உளூ முறியும். வெறும் மஞ்சளாயிருந்தால் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியாவிட்டாலும் வாயைக் கழுவியாக வேண்டும். ஐந்து வேளையும் இந்தச் சங்கடத்தில் இருப்பவர் வைத்தியம் செய்து கொள்வது அலங்காரமல்ல. ஓரத்தில் ஒரு தெத்துப்பல், உண்ணவும் பேசவும் ஓதவும் இடைஞ்சலில்லை, மனத்தையும் வாட்டவில்லை என்றால் அவர் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி, எந்த வகை? மறைவாயிருப்பது நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், ஓதுகிற வாய்க்கு எது இடைஞ்சல் செய்யாது என்று கேட்க வேண்டும். இதை ஹாபிழ் அவர்களே யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு!

தஜ்வீதில் மக்ரஜுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். 'அல்ஹம்து'வின் தால், 'முஸ்தகீம்' என்பதிலுள்ள தா, 'ஸிராத்'தின் கனத்த தா ஆகிய மூன்றுக்கும் நாவின் நுனி மேல் முன்பற்களின் அடியைத் தொட வேண்டும். எங்கே? உட்புறத்தில். லாம், நூன், ரா மூன்றும் அதற்குச் சற்று மேலே ஈறை ஒட்டிப் பிறப்பவை. 'அல்லதீன'வின் ஃதாலுக்கு நாநுனி முன்பல்லின் விளிம்புக்கு வர வேண்டும். 'வலள்ளாள்ளீன்' என்பதிலுள்ள ளாதுக்கோ நாவின் பக்கவாட்டு மேல் கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்தில் அழுந்த வேண்டும். இத்தனை இடங்களிலும் உலோகக் கட்டிகளை ஒட்டி, ஒரு கம்பியையும் ஓட்டினால், சூரத்துல் ஃபாத்திஹாவை எப்படி ஓதுவது? உட்புறக் கிளிப்பு நாவைப் புண்ணாக்குவதும், முதல் வாரங்களில் பேச்சைக் குழறச் செய்வதும் வைத்தியர்கள் மறைக்காமல் சொல்லும் விஷயங்கள். பெரும்பாலோருக்கு நாளடைவில் பேச்சு பழகிவிடும். ஆனால் கடைக்காரருக்குப் பழகினால் போதும் என்ற அளவு வேறு, மிஹ்ராபில் நிற்பவருக்கு வேண்டிய அளவு வேறு. எழுத்தை எழுத்தாக மொழிய இயலாதவர், மொழிய இயன்றவர்களுக்கு இமாமாக நிற்பதை இரு மத்ஹபின் கிதாபுகளும் கண்டிப்பாகவே பேசுகின்றன. ஊரார் சிரிப்புக்கு அஞ்சி ஊரார் தொழுகையையே சந்தேகத்தில் விடலாமா?

வெளிப்புறக் கிளிப்பு, உலோகமோ பீங்கானோ, நாவின் வழியில் குறுக்கிடுவதில்லை. உதட்டையும் கன்னத்தையும்தான் முதல் சில வாரங்கள் உரசும். வைத்தியர் கொடுக்கும் மெழுகை அதன்மேல் வைத்துக் கொள்ளலாம். பே, மீம், ஃபே ஆகிய உதட்டெழுத்துகளில் சிறிது கவனம் போதும்.

கழற்றி மாட்டும் உறைக்கு அலைனர் என்று பெயர். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் பல்லில் இருந்தால்தான் அது வேலை செய்யும். உண்ணும்போதும் பல் துலக்கும்போதும் எடுத்துவிட வேண்டும். தொழுகைக்கும் கழற்றலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொழுகைக்குக் கால் மணி என்றாலும் ஐந்து தொழுகைக்கு ஒன்றே கால் மணி. சாப்பாட்டுக்கு எவ்வளவு, தராவீஹுக்கு எவ்வளவு? இரண்டு மணி நேரம் எங்கே போயிற்றென்று தெரியாது. குழறல் தீர்ந்தபின் அதைப் போட்டுக் கொண்டே தொழுவதுதான் நடைமுறைக்கு ஒத்தது. தண்ணீரைத் தவிர எதைக் குடிப்பதானாலும் கழற்ற வேண்டும். சூடான டீ உறையை வளைத்து நிறத்தையும் கெடுத்துவிடும். நம்மவர்கள் நோன்பு பிடிப்பார்கள், டீயை விடமாட்டார்கள்! வலீமா விருந்தில் காகிதத்தில் மடித்து வைத்து, எச்சில் இலையோடு குப்பைக்குப் போன உறைகளும் உண்டு.

ஆனால் அலைனருக்கே உரிய நன்மையும் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் புளி, கடுக்காய் வாங்கப் போய் நாள்கணக்கில் தங்கும் வியாபாரிக்கு, கம்பி கன்னத்தில் குத்தினால் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டியிருக்கும். கட்டிய கம்பிக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் போகவும் வேண்டும். அலைனரில் அடுத்தடுத்த உறைகளை மொத்தமாக வாங்கிக் கொண்டு, ஓரிரு வாரத்துக்கு ஒன்றாகத் தாமே மாற்றிக் கொள்ளலாம். குத்தும் கம்பியும் இல்லை. கட்டுப்பாடுள்ளவருக்கு அது ஏற்றது. எனினும் நெருக்கம் மிகுந்த பற்களுக்கு அலைனர் போதுமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வீங்கிய ஈறோடு எந்த வகையையும் கட்டக் கூடாது. முதலில் ஈறு ஆறட்டும்.

கடமையான குளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹனஃபிகளுக்குக் குளிப்பில் வாய் கொப்பளிப்பது பர்ளு. ஒட்டிய கிளிப்பைக் கழற்றினால் தீங்கு ஏற்படும் என்பதால், அதன் அடியில் நீர் செல்லாதது குற்றமில்லை. பல்லில் அடைத்த சிமெண்டைப் போன்றதே அது. ஆனால் கையால் கழற்றக்கூடிய அலைனரைக் கழற்றிவிட்டே கொப்பளிக்க வேண்டும். மறந்து குளித்தவர் வாயை மட்டும் கொப்பளித்தால் போதும். அதற்கு முன் தொழுத பர்ளைத் திருப்பித் தொழ வேண்டும். ஷாஃபிஈகளுக்குக் கொப்பளிப்பது சுன்னத்து. உளூவில் இரு மத்ஹபிலும் சுன்னத்தே.

நோன்பில்தான் வெளிக்கம்பிக்காரர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஸஹர் உணவு கம்பிக்குள் ஒளிந்து கொள்ளும். கொண்டைக்கடலை அளவுள்ளதை விழுங்கினால் ஹனஃபியில் நோன்பு முறியும். ஷாஃபிஈயில், துப்ப முடிந்தும் வேண்டுமென்று விழுங்கினால் சிறியதானாலும் முறியும். ஆகவே ஸுப்ஹுக்கு முன்னால் இடுக்குப் பிரஷ்ஷால் நன்றாகத் துலக்கிவிடுங்கள். மிஸ்வாக்கின் சுன்னத்தை விட வேண்டாம். குச்சியின் நுனியை நன்கு மென்மையாக்கிக் கொள்ளுங்கள். குச்சி எட்டாத கம்பியடியைப் பிரஷ் பார்த்துக் கொள்ளும். கம்பி முறுக்கும் நாளை ரமளானில் இரவுக்கு வைத்துக் கொள்வது நல்லது.

விலையில் சாதாரணமாக உலோகமே குறைவு. பீங்கான் அதைவிடக் கூடுதல். உட்புறக் கிளிப்பும் அலைனரும் அதற்கும் மேலே, பல மடங்காகவும் போகும். கையில் ஹலாலான பணம் இருப்பவர் கூச்சத்தை நீக்கிக் கொள்ளச் செலவிட்டால் அதை வீண்விரயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உலோகம் போதுமென்று வைத்தியரே சொல்லியும், தெரியாத வகைக்காக நகையை வட்டிக்கு அடகு வைப்பதும், வட்டியோடு தவணை கட்டுவதும் கூடாது. கூச்சம் நிர்ப்பந்தமாகாது.

அந்தத் தாயாருக்குச் சொல்கிறேன். கிளிப்புப் போடுவது ஏமாற்று வேலையல்ல. பல் உண்மையாகவே நகர்கிறது. இல்லாத முடியை ஒட்டுவதைப் போன்றதல்ல அது. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் வலியச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் பொய் சொல்லவும் கூடாது. பல்லின் நிறத்துக் கிளிப்பு வசதிப்பட்டால் போட்டுக் கொள்ளட்டும். நம் குழம்பு மஞ்சள் அதன் ரப்பர் வளையத்தில் ஏறும் என்பதையும் தெரிந்து கொள்ளட்டும். பெண் வைத்தியர் கிடைத்தால் அவரிடமே காட்டுங்கள். இல்லையேல் தாயோ சகோதரனோ உடனிருக்கட்டும். கம்பியைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்களோ!

ஹாபிழ் அவர்களிடம், வெளிப்புறத்து உலோகக் கம்பியே உங்களுக்கு ஏற்றது என்று சொல்லியிருக்கிறேன். கட்டிய முதல் நாட்களில் நாவோ உதடோ பிடி கொடுக்காவிட்டால் வேறொருவரை முன்னால் நிறுத்திவிட்டு, தனியே உரக்க ஓதிப் பாருங்கள்; இன்னொரு ஹாபிழைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றபின் மிஹ்ராபுக்கு வாருங்கள். சிரிப்பவர்களுக்கு, பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை ஒரு ஜும்ஆவில் நீங்களே விளக்கிவிடலாம்.

அவர் இன்னொன்றும் கேட்டார். கம்பியை எடுத்தபின், பற்கள் பழைய இடத்துக்கே திரும்பாதிருக்க ரிட்டெய்னர் என்ற தாங்கி கொடுப்பார்கள். பெரியவர்கள் அதைப் பல ஆண்டுகள், பெரும்பாலும் இரவில், போட வேண்டியிருக்கும். அதன் சட்டம் என்ன? கழற்றக்கூடிய தாங்கிக்கு அலைனரின் சட்டம்தான், குளிப்பில் எடுத்துவிட வேண்டும். முன்பற்களின் உட்புறம் நிரந்தரமாக ஒட்டும் மெல்லிய கம்பியும் உண்டு. அதற்கு ஒட்டிய கிளிப்பின் சட்டம். ஆனால் அது மேல்வரிசையில் நாநுனி தொடும் இடத்திலேயே வரும்; ஆகவே ஒட்டுவதற்கு முன்னால், தாம் குர்ஆன் ஓதித் தொழ வைப்பவர் என்பதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். வல்லாஹு அஃலம்.