காரணம் சொல்ல முடியாத வலி

கருத்தடை அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண் நாய்க்கு முதல் இரவுதான் கடினம். வயிற்றின் நடுவே தையல், உடம்பில் மயக்க மருந்தின் மிச்சம். எழுந்து நிற்கும், பின்னங்கால் தள்ளாடும், படுக்கும், மறுபடி எழும். அப்போது வரும் முனகல் எல்லாமே வலியால் வருவதல்ல. மயக்கம் தெளியும் நேரத்துக் குழப்பமும் அதே குரலில்தான் வெளிப்படும். மனித நோயாளி இப்படிக் கிடந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை "காலையில சரியாயிடும்" என்பதுதான். நாயிடம் அதைச் சொல்ல வழியில்லை. ஏன் வெட்டினார்கள், எத்தனை நாள் நோகும் என்று எதையுமே புரியவைக்க முடியாத ஓர் உயிருக்கு, அந்த வலிக்குக் காரணமானவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற அறவியல் கேள்வி இங்கேதான் எழுகிறது. கருத்தடையில் அது இன்னும் கூர்மையாகிறது. மருத்துவமனைக்குள் போகும்போது அந்த நாய்க்கு நோயே இல்லை. கருப்பையில் சீழ் பிடிப்பது போன்ற பிற்கால ஆபத்துகள் தவிரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது மனிதன்; நோவு மட்டும் நாயின் பங்கு.

விலங்குக்கு வலியே கிடையாது என்று சொல்லி இந்தக் கடனைத் தட்டிக்கழித்த ஒரு மரபு 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இருந்தது. விலங்கின் உடலைத் தத்துவவாதி தெகார்த் இயந்திரமாக விளக்கினார். அவர் வலியை முற்றாக மறுத்தாரா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வழக்கு உண்டு. அவர் வழிவந்த மல்பிரான்ஷுக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை. விலங்கு கத்துவதற்குப் பின்னால் உணர்வு எதுவும் இல்லை என்றே அவர் சாதித்தார். 1789இல் வெளிவந்த நூலில் ஜெரமி பெந்தாம் கேள்வியையே திருப்பிப் போட்டார். விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதை விட்டுவிட்டு, அது துன்பப்படுமா என்று கேட்டார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகள், வலியைச் சொல்ல முடியாததால் வலி இல்லை என்றாகிவிடாது என்கின்றன. மனிதரோடு விலங்கையும் சேர்த்தே அப்படிச் சொல்கின்றன. ஆக, வலி உண்டா என்ற வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த வலி எப்படிப்பட்டது என்பதுதான் மிச்சம்.

விட்கென்ஸ்டைன் தம் 'தத்துவ ஆய்வுகள்' நூலில் எழுப்பிய ஒரு கேள்வி இங்கே உதவும். எசமான் வாசலில் நிற்கிறார் என்று நாய் நம்பலாம். அவர் நாளை மறுநாள் வருவார் என்று அதனால் நம்ப முடியுமா? முடியாது என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முடிவுகளுக்கு வரலாம். நாளை என்பதே இல்லாத உயிருக்கு நாளைய பயமும் இல்லை. தையல் பிரியுமோ, செலவு எவ்வளவு ஆகுமோ என்று அது புரண்டு படுப்பதில்லை. ஆகவே அதன் துன்பம் மனிதனுடையதைவிடக் குறைவு என்பது ஒரு முடிவு. மற்றது இதற்கு நேர் எதிர். நாளை இல்லாத உயிருக்கு ஆறுதலும் இல்லை. இந்த நிமிடத்து வலிதான் அதன் உலகம் முழுவதும். பீட்டர் சிங்கர் 1975இல் எழுதிய 'விலங்கு விடுதலை' நூலில் இரண்டு பக்கத்துக்கும் இடம் தருகிறார். காட்டு விலங்கைப் பிடித்துக் கட்டும்போது, கொல்லவா, அடைத்துவைக்கவா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது, இரண்டிலும் ஒரே பீதிதான் என்பது அவர் காட்டும் உதாரணம்.

முதல் முடிவு மனிதனுக்கு வசதியானது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது முடிவு அறுவைக்குப் பிந்தைய இரவுக்கு நெருக்கமாக வருகிறது என்றாலும் அதுவும் முழு உண்மை அல்ல. நாய்க்கு நாளை இல்லாமல் இருக்கலாம், பழக்கம் இருக்கிறது. சோற்று நேரம் தெரியும், சங்கிலி சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடத் தெரியும், யார் பக்கத்தில் படுத்தால் ஆபத்தில்லை என்று தெரியும். மனிதனுக்கு வாக்குறுதி செய்யும் வேலையை நாய்க்குப் பழகிய வாசனை செய்கிறது. அதனால் நாய்க்கான ஆறுதல் உடம்பின் வழியாகவும் இடத்தின் வழியாகவும்தான் போய்ச்சேர முடியும்.

அறவியல் இங்கே பாயும் போர்வையுமாக இறங்கிவிடுகிறது. மயக்க மருந்து உடல் சூட்டைக் குறைத்துவிடும். வெறும் சிமெண்டுத் தரை ஆகாது. கட்டிலிலும் சோபாவிலும் தாவி ஏறிப் பழகிய நாய்க்கு அன்றைக்குத் தரையிலேயே, நாலாய் மடித்த போர்வையும் அதன்மேல் வீட்டார் உடுத்திய பழைய துணி ஒன்றும் போதும். தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். குமட்டல் அடங்காத வயிறு குடித்ததைக் கக்கிவிடும். படுக்கும் முன் சங்கிலியில் பிடித்து மெதுவாக நடத்திச் சிறுநீர் கழிக்க வைத்துவிட்டால் நடு இரவின் அலைச்சல் பாதி குறையும். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு கதவு நிலையிலும் கிண்ணத்தின் விளிம்பிலும் இடிக்கும். தலையைச் சாய்க்க நாய் படும் பாட்டைப் பார்த்து, "பாவம், ராத்திரிக்கு மட்டும் கழற்றிவிடலாம்" என்று தோன்றும். தையலை நாய் நக்கிப் பிரிப்பது பெரும்பாலும் யாரும் பார்க்காத அந்த நேரத்தில்தான். காயம் ஆற பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை நாயின் விருப்பத்துக்கு எதிராக நிற்பதும் இரக்கத்தின் வேலைதான். பிராணியின் சம்மதம் இல்லாமல் அதைக் கட்டுப்படுத்துவது தகுமா என்ற கேள்விக்குக் குழந்தை வளர்ப்பிலிருந்து பதில் எடுப்பது வழக்கம். ஆனால் குழந்தை வளர்ந்து ஒருநாள் காரணத்தைப் புரிந்துகொள்ளும். நாய்க்கு அந்த ஒருநாள் வரப்போவதில்லை. பின்னால் கிடைக்கப்போகும் ஒப்புதலைச் சாக்காகச் சொல்ல முடியாததால், கட்டுப்பாடு காயம் கேட்கும் அளவைத் தாண்டக் கூடாது.

அறிவில்லாத இரக்கம் இந்த இரவில் கொன்றும்விடலாம். வலியில் துடிக்கிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து இபுப்ரோஃபென் கொடுத்தால் நாயின் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை, எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் தருவதே கருணையின் பெரும்பகுதி. வள்ளுவர் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் அறிவையும் பிற உயிரின் நோயையும் ஒரே குறளில் சேர்த்துப் பேசுவது வெறும் அலங்காரம் அல்ல. பிறிதின் நோயைத் தன் நோய்போல் காக்க உதவாத அறிவால் என்ன பயன் என்பது அவர் கேள்வி. மருந்துச் சீட்டைப் படிக்காத அன்பையும் அதே கேள்விக்கு முன்னால் நிறுத்தலாம்.

நாயின் வலி அதன் முன்வினை, அதில் தலையிட மனிதன் யார் என்ற வாதமும் இந்த மண்ணில் உண்டு. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி, அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே பழைய வினையின் பயன் என்போரைப் பற்றிப் புத்தரிடம் கேட்கிறான். புத்தர் அதை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், பராமரிப்பில் பிசகு, திடீர்த் தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கி, வினைப்பயனை எட்டாவதாகத்தான் வைக்கிறார். பராமரிப்பில் பிசகு என்பது ஒரு தனிக் காரணமாகவே அந்தப் பட்டியலில் இருப்பது கவனிக்கத்தக்கது. ஈரத் தரையில் கிடக்கும் நாயின் நடுக்கத்துக்கு முற்பிறவியைத் தேட வேண்டியதில்லை.

திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைக்கிறது. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர் பரிமேலழகர் பிரிக்கிறார். வீட்டு நாய்க்கு முதல் இரவில் கிடைப்பது பெரும்பாலும் அன்பு. அருளுக்கு உதாரணம் தேடினால் திருவண்ணாமலைக்குப் போகலாம். ரமணர் ஆசிரமத்து நாய் ஜாக்கி நோயில் விழுந்தபோது அதற்கு மெத்தென்ற படுக்கை போடச் செய்து, உடல் நாற்றமெடுத்த நிலையிலும் ரமணர் அதை அணைத்துப் பார்த்துக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசிரமத்துப் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்தில் ஜாக்கிக்கும் சமாதி உண்டு.

அருள் மட்டுமே கிடைக்கக்கூடிய இடம் இன்று தெருநாய்களின் கருத்தடைக் கூடம். 2001இல் வந்து 2023இல் மாற்றி எழுதப்பட்ட மத்திய அரசின் விதிகளின்படி, பிடித்த நாயை அறுவைக்குப் பின் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். இடைப்பட்ட இரவுகளைக் கூண்டில் கழிக்கும் அந்த நாய்க்குத் தெரிந்த வாசனை எதுவும் அங்கே இல்லை. வீட்டு நாயை அமைதிப்படுத்தும் தடவல் அதற்கு மறுபடியும் ஒரு பிடி. சிங்கர் சொன்ன பீதி இதுதான். ஆகவே இங்கே ஆறுதலின் வடிவமே மாறுகிறது. பக்கத்தில் உட்காருவதைவிட விலகி நிற்பதும், கூண்டின் முன்பக்கத்தைத் துணியால் மறைப்பதும், காய்ந்த தரையும், வலிமருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும்தான் உதவும். ஒரே கூண்டில் பல நாய்களை அடைத்தால் ஒன்றின் தையலை மற்றது நக்கும், பலவீனமானது மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும். எனவே தனித்தனிக் கூண்டு வேண்டும். தெருவில் விட்ட பிறகு தையலைப் பார்க்க யாரும் இருக்கப்போவதில்லை என்பதால், காயம் மூடிவிட்டதா, வீக்கமோ கசிவோ உண்டா என்பதை வண்டியில் ஏற்றும் முன்பே ஒவ்வொரு நாயாகப் பார்த்தாக வேண்டும்.