வலிக்கும், அழலாம்

"வலிக்காதுடா கண்ணு" என்றேன். "கையை அழுத்திப் பிடிங்கம்மா" என்றார் செவிலியர், பிடித்தேன். தடுப்பூசி இறங்கியதும் ஐந்து வயது மகள் முறைத்தது என்னைத்தான். "இதுக்குப்போய் அழலாமா?" என்றும் கேட்டுவைத்தேன்.

பிரசவ அறையில் என்னிடம் கேட்கப்பட்டதும் அதே கேள்வி. வலிப்பவளைத் தவிர எல்லோரும் அவள் வலியை அளக்கிறார்கள். இம்முறை அளந்தவள் நான்.

தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகள் எளியவை: கைக்குழந்தைக்குப் பாலூட்டியபடி போடலாம், வளர்ந்த குழந்தையை நிமிர்ந்து உட்காரவைக்கலாம், பராமரிப்பவர் உடனிருக்கலாம்.

ஊசி தேவை, பொய் தேவையில்லை. தன் உடலைப் பற்றித் தான் சொல்வது எடுபடாது என்பதை அவள் என்னிடமிருந்து கற்கக்கூடாது.

அடுத்து ரத்தம் எடுத்தபோது மடியில் அமர்த்திக்கொண்டேன். "வலிக்கும். கொஞ்ச நேரம்தான். அழலாம்." அழுதாள், என்னைப் பிடித்துக்கொண்டு.