இதில் நீங்கள் யார்?

கோர்ட்டு நடக்கும் இடம் பொது இடம். ஓமலூரிலோ வேறு எந்தத் தாலுகா ஊரிலோ, கேஸ் நடந்துகொண்டிருக்கும்போது யாரும் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். வாய்தாவுக்கு வந்தவரோடு துணைக்கு வந்தவர், சந்தைக்கு வந்தவர், வெயிலுக்கு ஒதுங்கியவர் என்று யாரையும் எதற்காக வந்தாய் என்று டவாலி கேட்பதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதற்கென்றே பிரிவுகள் உண்டு. 1966இல் மிராஜ்கர் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதையே, சில விலக்குகளுக்கு இடம் வைத்து, மறுபடியும் சொன்னது. நீதி நடப்பதைப் பார்க்கக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் அன்று காதால் கேட்ட தீர்ப்பை மறுவாரம் கண்ணால் படிக்க வேண்டும் என்று அதே ஆள் அதே கட்டடத்தில் நகல் கேட்டுப் போனால் முதல் கேள்வி வேறாகிவிடுகிறது: ‘இதுல நீங்க யாருங்க?’ வாதியா, பிரதிவாதியா, எதிரியா? எவரும் இல்லை என்றால் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் காரணம் எழுத வேண்டும். காரணம் போதுமானதா என்று பார்க்கப்படும். பேச்சு எல்லோருக்கும் உரியதாகவும் அதே பேச்சின் எழுத்து சிலருக்கு மட்டும் உரியதாகவும் எப்படி ஆகிறது என்பதுதான் என் பிரச்னை. இதை வெறும் நிர்வாகப் பிரச்னையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் ஒரு பெண்மணி. சரபங்கா ஆற்றுக்கு அப்பால் ஒரு கிராமம். அவருடைய தகப்பனார் மேல் 1984இல் கிணற்று மோட்டாரைத் திருடியதாக ஒரு கேஸ் நடந்து, விடுதலையானார். விடுதலையானதை ஊர் கேள்விப்பட்டது; ஆனால் நினைவில் வைத்துக்கொண்டது கேஸை மட்டும்தான். அந்த வீட்டுக்கு ‘மோட்டார்க்காரர் வீடு’ என்று பெயர் நிலைத்தது. அவர் செத்துப்போய்ப் பல ஆண்டுகளுக்குப் பின் பேத்திக்குச் சம்பந்தம் பேசியபோது யாரோ ஒருவர் மூலமாக அந்தப் பெயர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. மகள் என்னிடம் வந்தார். “விட்டுட்டாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதியிருக்குமில்லீங்களாண்ணா? அது எங்கீங்க இருக்கும்?”

எங்கே இருக்கும் என்பது லேசான கேள்வி அல்ல. சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. கோர்ட்டுகளின் எல்லைகளும் மாறும். கேஸ் நடந்த காலத்தில் அந்தக் கிராமம் எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருந்தது என்பது தெரிய வேண்டும். நம்பர் தெரிய வேண்டும், வருஷம் தெரிய வேண்டும். இரண்டும் தெரியாதவனுக்கு ரிகார்டு ரூம் என்பது துணியில் கட்டிய காகித மூட்டைகள்தாம். பழைய கட்டுகளை ஒரு கால வரம்புக்குப் பின் அழித்துவிட 1917லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதற்கு உயர்நீதிமன்றம் விதி செய்யும். கடைசியில் எங்களுக்கு உதவியது எந்தப் பதிவேடும் அல்ல. எண்பதைத் தாண்டிய ஒரு வக்கீல் குமாஸ்தாவின் ஞாபகம். அவர் சொன்ன வருஷத்தை வைத்துத் தேடியதில், கட்டு போய்விட்டிருந்தது, தீர்ப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அலைந்தது இரண்டு மாதத்துக்கு மேல். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமல்ல. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் அல்ல. அவர்கள் கேட்ட கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை. மகள் என்று சொன்னதற்கு அவரிடம் அத்தாட்சி கேட்டார்கள். என்னிடம், ‘நீங்க?’ என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. அதே ஊர்க்காரன் என்பது சட்டத்தில் ஒரு உறவு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் நீதிமன்ற நடவடிக்கைகளின் பதிவுகளைப் பொது ஆவணம் என்று வகைப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டமும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நகல் கொடுப்பது பற்றிய பிரிவில் ஒரு சிறிய வாசகம்: பார்வையிட உரிமை உள்ளவருக்கு. ஆவணம் பொது, உரிமை பொதுவா என்பதைப் பற்றி மௌனம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது இந்த மௌனம் உடையும் என்று பலர் நினைத்தார்கள். குஜராத் உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம், நீதிமன்ற ஆவணங்களை அந்தந்த நீதிமன்றத்தின் விதிப்படிதான் கேட்க வேண்டும், தகவல் சட்டம் அதற்கு வழியல்ல, மூன்றாம் நபரிடம் காரணம் கேட்பது தவறும் அல்ல என்று முடிவு சொல்லிவிட்டது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது அற்பமானதும் அல்ல. நண்பர் ஒருவர் சொன்னார்: “கோர்ட்டில் உட்கார்ந்து கேட்பவன் தன் காதில் விழுந்ததோடு போகிறான். காகிதத்தை வாங்குகிறவன் அதை நூறு படி எடுப்பான். எழுத்துக்குச் சாவு கிடையாது. அதனால்தான் அதைக் கேட்பவனிடம் காரணம் கேட்கிறார்கள்.” விவாகரத்து வழக்கில் சொல்லப்பட்டவை, ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை, ஒரு குழந்தையின் பெயர் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் படிக்கலாமா? கூடாது என்பது சட்டத்துக்கும் தெரியும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயரை அச்சிடுவது 1983 முதல் குற்றம். அந்த மூடல் நியாயமானது.

நண்பரின் வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். பேச்சு காற்றோடு போய்விடும் என்று அவர் நம்புகிறார். அவர் கிராமத்தில் வாழ்ந்தவரல்ல. கிராமத்தில் பேச்சுக்குத்தான் சாவு கிடையாது. நாற்பது வருஷமாக ‘மோட்டார்க்காரர் வீடு’ என்ற இரண்டு வார்த்தைகளை எந்தக் கறையானும் அரிக்கவில்லை. எந்த விதியும் அவற்றுக்குக் கால வரம்பு வைக்கவில்லை. குற்றச்சாட்டு தெருவில் நடமாடுகிறது, விடுதலை கட்டுக்குள் கிடக்கிறது. மூடி வைத்ததால் அந்தக் குடும்பத்தின் மானம் காக்கப்படவில்லை. ஊர் எழுதிய தீர்ப்பை மறுக்கக்கூடிய ஒரே சாட்சியம்தான் மூடி வைக்கப்பட்டது.

இது ஒரு மோட்டாரோடு முடிகிற விஷயமும் அல்ல. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்டார். உடல் கிடந்தது நாமக்கல் மாவட்டத்து ரயில் பாதையில். விசாரணை பின்னால் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளில் தீர்ப்பளித்தது. அதற்கு முன் அந்த நீதிபதிகள் திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்கே நேரில் போய், காமிரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். காகிதத்தில் இருந்ததை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் இந்தத் தாலுகாவின் டீக்கடைகளில் அந்தக் கொலையைப் பற்றி எத்தனை கதைகள் உலவின என்பதும், அவற்றில் எத்தனை ஜாதியின் வாயிலிருந்து வந்தவை என்பதும் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கதைகள் தமிழில் உலவுகின்றன; உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டுகளின் மொழி தமிழ் என்று ஆட்சிமொழிச் சட்டத்தை 1976இல் திருத்தி எழுதியதற்கு ஒரு தார்மீக அர்த்தம் உண்டென்றால், வழக்கு நடந்த மண்ணில் இருப்பவன் அதைப் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் அது.

*

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே என்று சொல்வார்கள். உண்மைதான். ஒவ்வொரு கேஸுக்கும் பதினாறு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. வீட்டிலிருந்தே வாய்தா தேதி பார்க்கலாம். மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் ஒன்றிய அரசு ஒதுக்கிய 7,210 கோடி ரூபாயில் ஏறத்தாழ 2,038 கோடி ஆவணங்களைப் படமெடுத்துச் சேமிப்பதற்கு. பழைய மூட்டைகளும் ஒருநாள் திரைக்கு வரலாம். ஆனால் பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். ஏழுமலை என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் எந்த எழுத்தைப் போட்டாரோ அந்த எழுத்தில்தான் அந்த மனிதர் இருக்கிறார்.

இது திருத்தக்கூடிய குறை. திருத்த முடியாதது வேறு. ரிகார்டு ரூமுக்குப் போகிறவன் ஒரு கேஸைத் தேடிப் போகிறான். கம்ப்யூட்டரில் தட்டுகிறவன் ஒரு ஆளைத் தேடுகிறான். வந்த வரிசையில் முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறான். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒருவர் வந்தார். குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவர். தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மூன்று இடங்களில் மூன்று விதமாக யோசித்தது பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி அவ்வளவு கடினமானது.

இதோடு சேலத்தின் பழைய வழக்கு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். 1882 சேலம் கலவர வழக்கில் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டார், உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார், பின்னால் 1920இல் நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். அந்த விடுதலை அவருக்குக் கறை அல்ல, பெருமை. காரணம், அவரைப் பற்றிப் பேசியவர்கள் வழக்கை முடிவு வரை சொன்னார்கள். ஒருவர் விடுதலையால் வளர்ந்தார், இன்னொருவர் விடுதலையான பிறகும் ஒளிய இடம் தேடினார். வித்தியாசம் ஆவணத்தில் இல்லை, அதைப் படிக்கிறவர்களிடம் இருக்கிறது.

*

அந்தத் தீர்ப்பின் நகலை ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு வாய்விட்டுப் படித்தேன். தமிழில் தட்டச்சு செய்த ஏழு பக்கம். பின்புறத்தில் மனுப் போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகத் தேதிகள். மேல்முறையீட்டுக்குக் கெடு எண்ணும்போது நகலுக்குக் காத்திருந்த நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் சொல்கிறது. காத்திருப்பு என்று ஒன்று உண்டு என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்ப்பெயரோடு காத்திருந்த நாற்பது வருஷத்தை எதிலும் கழிக்க முடியாது.

“ஏனுங்ணா, அப்பாவை எதிரி எதிரின்னே போட்டிருக்குது?” என்று கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்றுதான் பெயர் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அ.சா.1 மோட்டாரின் சொந்தக்காரர். அ.சா.2 என்ன சொன்னார் என்று படிக்க ஆரம்பித்தவன், அவர் யார் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். ‘எதிரியின் உடன்பிறந்த அண்ணன்.’ இரவில் தம்பி மோட்டாரோடு போனதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் அவர். நிலத் தகராறு காரணமாகச் சொல்லியிருக்கலாம் என்பதால் அந்தச் சாட்சியத்தை நம்ப முடியவில்லை என்று நீதிபதி எழுதி, சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்திருந்தார். மகளுக்கு இது அதுவரை தெரியாது. அந்தப் பெரியப்பாதான் அவருடைய கல்யாணத்தில் முன்னால் நின்றவர்.

தகப்பனைக் கழுவுகிற காகிதம் பெரியப்பனைக் கறைப்படுத்துகிறது. ஒரு பெயரை மட்டும் அடித்துவிட்டு ஒரு தீர்ப்பை வைத்திருக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு ஸ்தூலமாகப் புரிந்தது. நண்பரின் வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: மூடியே இருந்திருந்தால் இந்தப் பெண் நிம்மதியாக இருந்திருப்பார். நானும் அன்று முழுக்க அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அப்படி நினைக்கவில்லை. அவர் காகிதத்தை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தார். பெரியப்பாவுக்கும் பேரன் பேத்திகள் உண்டு, அவர்களுக்கும் சம்பந்தம் பேச வேண்டும் என்று யோசித்திருக்கிறார். அந்த மௌனத்தை அவர் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன் இருந்த மௌனம் அவருடையது அல்ல. தெரியாமையை அவர் மேல் வேறு யாரோ சுமத்தியிருந்தார்கள். தெரிந்தவரின் மன்னிப்புக்கு இருக்கிற மதிப்பு தெரியாதவரின் சமாதானத்துக்கு இல்லை. மறக்கிற உரிமை மனிதர்களுக்கு உண்டு. அதை அவர்கள் சார்பில் ரிகார்டு ரூம் எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டமே மூடச் சொல்கிற பெயர்களை மூடிவிட்டு, மற்றதைக் கேட்டு வருகிறவனுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும். யார் என்று கேட்காமல் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கம் வரை படிப்பானா என்பதுதான் அவனிடம் கேட்கத் தகுந்த கேள்வி. அதை எந்த விதியாலும் கேட்க முடியாது.

சம்பந்தம் என்னவாயிற்று என்று பிறகு கேட்டேன். வேறு இடத்தில் முடிந்ததாம். அந்தக் காகிதம்?

“இருக்குதுங்ணா. யாராச்சும் வந்து கேட்டா எடுத்துக் குடுப்பேன். படிச்சுப் பாக்கட்டும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க.”