சோற்றை நிறுத்தி விரட்டுதல்



மதீனத்து அன்ஸாரிகள் ஊர் துறந்து வந்த முஹாஜிர்களை வரவேற்ற விதத்தை மீலாது மேடைகளிலே நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே மதீனாவிலே, வந்தவர்களை விரட்ட வேண்டும் என்ற பேச்சும் ஒருநாள் எழுந்தது. அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பனூ முஸ்தலிக் படையெடுப்பின்போது நடந்தது இது. முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை உதைத்துவிட்டார். உதைபட்டவர் அன்ஸாரிகளைக் கூவி அழைத்தார். உதைத்தவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இரண்டுமே திருமறை புகழ்ந்துரைத்த பெயர்கள். ஆயினும் கட்சி சேர்க்க அவை பயன்பட்டதும், இது என்ன அறியாமைக் காலத்துக் கூப்பாடு, நாறிப்போன இதை விட்டொழியுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்.

நயவஞ்சகரின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மதீனா திரும்பியதும் கண்ணியமுள்ளவர் இழிந்தவரை வெளியேற்றிவிடுவார் என்றான். நபியுடன் இருப்போருக்குச் செலவு செய்வதை நிறுத்துங்கள், தாமே கலைந்து போவார்கள் என்றும் சொன்னான். 'முனாஃபிகூன்' அத்தியாயம் இவ்விரண்டையும் அம்பலப்படுத்துகிறது. இரண்டாவது யோசனையைக் கவனியுங்கள். வாளும் வேண்டாம், தடியும் வேண்டாம். சோற்றை நிறுத்தினால் போதும்!

இந்த யோசனையை நம் காலத்திலே ஓர் அரசாங்கமே சட்டமாக்கியது. 1948 ஜூன் 22-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து, ஜமைக்கா முதலிய கரீபியன் தீவுகளின் மக்கள் நூற்றுக்கணக்கானோர் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தில் இறங்கினர். போரினால் நொடிந்திருந்த நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. அவர்களும் பின்னால் வந்தவர்களும் ஆஸ்பத்திரியிலே நோயாளிகளைக் கவனித்தனர்; பஸ்ஸும் ரயிலும் ஓட்டினர். 1973-க்கு முன் வந்து குடியேறியவர்களுக்கு அங்கே வாழும் உரிமையைச் சட்டம் அளித்தது. ஆனால் பலருக்கு அதற்கான பத்திரம் கொடுக்கப்படவில்லை. 2012-க்குப் பின், அனுமதியின்றி இருப்போரைத் தாமே போகச் செய்வதற்கென்று கெடுபிடிகள் வந்தன. வேலை கொடுப்பவரும் வீட்டுக்காரரும் பாங்கியும் பத்திரம் கேட்க வேண்டும் என்றாயிற்று. சிறு பிள்ளையாக வந்து தலை நரைத்துவிட்ட கறுப்பு நிறத்தவர்கள் வேலையிழந்தார்கள், வீடிழந்தார்கள். சிலருக்கு வைத்தியமும் மறுக்கப்பட்டது. குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டே அனுப்பப்பட்டனர். இவர்கள் முதன்முதலில் வந்திறங்கியதைக் காட்டியிருக்கக்கூடிய அட்டைகளை 2010-இல் இலாகாவே அழித்திருந்தது! 2018-இல் விஷயம் வெளிவந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார், உள்துறை அமைச்சர் பதவி விலகினார். நஷ்ட ஈட்டுக்குக் காத்திருந்தே மாண்டவர்களும் உண்டு.

இவர்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அதனால் நமக்கென்ன என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறோம். பெயரைக் கேட்டதுமே வீடு காலியில்லை என்ற பதிலைச் சென்னையிலே வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வலி நமக்குத் தெரியும்.

தெரிந்திருந்தும் நம் ஊர்களிலே நடப்பதென்ன? வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஜும்ஆவிலே நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்து வெளியே வந்ததும் அவர்கள் 'வடக்கன்'கள் ஆகிவிடுகிறார்கள். நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்று டீக்கடையிலே பேசப்படுகிறது. பத்துப் பேரை ஓர் அறையில் அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற ஹாஜியார்களும் இருக்கிறார்கள். ஊரில் ஒன்று திருட்டுப் போனால் முதல் சந்தேகம் யார்மீது விழுகிறது? நிக்காஹ் விருந்துக்கு அவர்களை அழைத்தவர் யார்?

இந்தப் பேச்சை நிறுத்த வெளியூர்க்காரனால் முடியாது. அவன் வாய் திறந்தால் வம்பு. உள்ளூர்க்காரர்தான், அதுவும் பேசுகிறவருக்கு நெருங்கியவர்தான், நிறுத்த வேண்டும். மதீனாவில் அப்படித்தான் நடந்தது. இப்னு உபையின் சொந்த மகன், அவர் பெயரும் அப்துல்லாஹ்தான் (ரலி), உண்மையான முஃமின். படை ஊர் திரும்பியபோது அவர் தம் தகப்பனை மறித்தார். இழிந்தவர் தாமே, கண்ணியமுள்ளவர் அல்லாஹ்வின் தூதரே என்று தகப்பன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் வரை அவர் வழி விடவில்லை.