ஆணியா, கல்லா?

சூலுடனோ பிரசவத்திலோ மாண்டவள் பொந்தியானாக் என்னும் பேயாவாள் என்பது மலாய்ப் பழங்கதை. பிடரியில் ஆணி அறைந்தால் அடங்குவாளாம்! இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1957இல் இதனைப் படமாக்கினார். 2004இல் சுஹைமி பாபா அம்மையார் அப்பழம் பாணிக்குப் புத்துயிர் அளித்தார். அப்படத்தில் மெரியம் என்னும் நடனமாது, கருவுற்றிருக்கையில், தன்னை இச்சித்தவனால் கொலையுண்டு பேயாகிறாள். நாம் யாருக்கு அஞ்சினோம்? கொன்றவனுக்கன்று, கொலையுண்டவளுக்கே!

நம் ஜொகூர்த் தோட்டத்திலும், பிரசவத்தில் மாண்டவளை வாழைமரத்தடியில் கண்டதாகக் கூறி நடுங்கினோம். வேளையில் மருத்துவர் வந்தாரா என வினவினோமில்லை. அச்சம் நம் பழியை மறைத்தது.

நம் முன்னோரோ, அவள் இறக்கி வைக்காத சுமையை எண்ணிச் சுமைதாங்கிக் கல் நாட்டினர், வழிப்போக்கர் இளைப்பாறினர். ஆணியா, கல்லா? அறம் எதுவென நெஞ்சைக் கேட்போமாக.