ஆற்றைக் கடந்த தெய்வங்கள்

ஒரு தெய்வம் தான் எழுந்தருளியிருக்கும் ஸ்தலத்துக்கு உரியதா, அல்லது தன்னை வணங்கும் ஜனங்களுக்கு உரியதா என்கிற கேள்வி, கோவிலும் ஊரும் குடிகளும் தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் சேர்ந்திருக்கும் இடத்தில் பிறப்பதற்கு நியாயமே இல்லை. இம்மூன்றையும் காலம் தனித்தனியே பிய்த்துப் போட்ட ஒரு பிரதேசத்துக்குப் போனால்தான் அது நம்மைத் தொந்தரவு செய்கிறது. கோவா அப்படிப்பட்ட பிரதேசம். 3,702 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, இந்திய ராஜ்யங்களுக்குள் மிகச் சிறிய ராஜ்யம் அது. விடியற்காலையில் கடலலையில் கால் நனைத்தவன், உச்சிவேளைக்குள் ஸஹ்யாத்ரி மலைச்சாரலின் அடர்ந்த வனத்தில், கதம்பர் காலத்துத் தாம்டி சுர்லா சிவாலயத்தின் முன் கைகூப்பி நிற்கலாம். அத்தனை சிறிய நிலத்திலே தெய்வங்கள் எத்தனை தூரம் போய்விட்டன என்பதுதான் ஆச்சரியம்.

1510-ல் போர்த்துகீசியர் கோவா நகரைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், அவர்கள் கைவசமிருந்த திஸ்வாடி, பார்தேஸ், சாஷ்டி ஆகிய பகுதிகளில் ஆலயங்கள் இடிக்கப்பட்டபோது, பக்தர்களில் பலர் மூர்த்திகளைத் தூக்கிக்கொண்டு ஜுவாரி ஆற்றின் அக்கரைக்குப் போனார்கள். குசஸ்தலியிலிருந்த மங்கேசர் 1560-ல் பிரியோலுக்கும், கேளோசியிலிருந்த சாந்தாதுர்க்கை 1566-ல் கவளேக்கும், வெர்ணாவிலிருந்த மகாலஸா மார்தோலுக்கும் குடிபெயர்ந்தார்கள். அக்கரையில் போண்டா சீமையை ஆண்டவர் இந்து மன்னரல்லர், பீஜப்பூர் சுல்தான். மங்கேசர் ஆறு கடந்து வந்த அதே 1560-ல் போண்டாவில் ஸபா மசூதியும் எழுந்தது என்பதை நினைக்கும்போது, மத துவேஷத்தைப் பற்றியும் மத ஸமரஸத்தைப் பற்றியும் நாம் தயாராக வைத்திருக்கும் சூத்திரங்கள் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கின்றன.

தமிழருக்கு இவ்விதக் கதை புதிதல்ல. ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் பதினான்காம் நூற்றாண்டின் படையெடுப்புக்குத் தப்பி, ஊர் ஊராகச் சஞ்சரித்து, திருமலையிலும் தங்கி, 1371-ல் காவிரிக் கரைக்கே திரும்பினார். அங்கே ஸ்தலம் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் மங்கேசர் திரும்பவில்லை. 1961-ல் போர்த்துகீசிய ஆட்சி முடிந்த பிறகும் திரும்பவில்லை. கோபுரத்தைத் தேடிப் போகும் தமிழ்க் கண்ணுக்கு முதலில் ஏமாற்றமளித்து, பிறகு மெல்லப் பிடித்துப்போகிற அந்தக் கும்மட்டம் வைத்த கோவிலும், எதிரே நிற்கும் வெண்ணிறத் தீபஸ்தம்பமும், திருக்குளமும் இன்று பிரியோலிலேயே இருக்கின்றன. அவரால் அந்த இடத்துக்கு மங்கேஷி என்றே பெயர் வழங்குகிறது. லதா மங்கேஷ்கரின் குடும்பம் தன் பெயரை எடுத்துக்கொண்டதும் இந்தப் புதிய ஊரிலிருந்துதான். அகதியாக வந்தவரே ஊருக்குப் பெயர் கொடுத்துவிட்டார்!

பழைய கோவாவின் பொம் ஜேசு ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கும் சவேரியாரின் சரீரமும் இவ்வாறு வந்து சேர்ந்ததே. நவார் தேசத்தில் பிறந்து, நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே உபதேசம் செய்து, 1552-ல் சீனக் கடலோரத் தீவொன்றில் மரித்து, மலாக்காவில் புதைக்கப்பட்டு, 1554-ல் கோவா வந்தடைந்த அவரை, கொங்கணி மக்கள் 'கோயஞ்சோ சாயப்' என்கிறார்கள். கோவாவின் எஜமான் என்று அர்த்தம்.

இந்த இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு, ஜனங்கள் எங்கேயோ தெய்வமும் அங்கே என்று முடிவு கட்டியிருப்பேன். மாபுஸா நகரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரங்களுக்குப் பின் வரும் திங்கட்கிழமையன்று, அங்குள்ள அற்புத மாதாவின் தேவாலயத்தில் இந்துக்களும் எண்ணெய் வார்த்து வணங்குகிறார்கள். ஏழு தேவி சகோதரிகளில் ஒருத்தியான மீராபாய்தான் மிலாக்ரிஸ் சாய்பிண் எனப்படும் இந்த மாதா என்பதும், சிர்காவில் தீமிதித் திருவிழா காணும் லைராயி தேவி இவளுக்கு உடன்பிறந்தாள் என்பதும் அவர்கள் கொள்கை. வேத சாஸ்திரமும் திருச்சபையும் ஒப்பாத இந்த உறவை அந்த ஜனங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

குங்கோளியில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 1583-ல் ஏசுசபைத் துறவிகள் ஐவர் அங்கே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாக, பேச்சுவார்த்தைக்கென்று அழைக்கப்பட்ட ஊர்த் தலைவர்கள் கோட்டைக்குள்ளே கொல்லப்பட்டார்கள். அவ்வூர்த் தேவியும் பாதர்பாவுக்குக் குடிபெயர்ந்தாள். இன்றும் பால்குன மாத வஸந்தோத்ஸவத்தில், ஊரின் பன்னிரண்டு ஆதிக் குடிகளுக்குப் பன்னிரண்டு குடைகள் பிடித்து, குலால் தூவி, பல்லக்கில் அவளைப் பழைய ஊருக்கு அழைத்து வருகிறார்கள். அந்தக் குடிகளில் பலர் கிறிஸ்தவராகிப் பல தலைமுறைகள் ஆயின; ஆனாலும் குடைக் கணக்கு பன்னிரண்டிலிருந்து குறையவில்லை. தெய்வம் போனது, மதம் மாறியது, ஆட்சி மாறியது. அந்தப் பூமிக்கும் அவளுக்கும் உள்ள பாத்யதையை மட்டும் எவரும் ரத்து செய்யவில்லை.

பிறகு பல்லக்கு பாதர்பாவுக்கே திரும்பிவிடுகிறது. அங்கே அவளுக்கு அழகான கோவில் இருக்கிறது, நித்திய பூஜை இருக்கிறது, நானூறு வருஷங்களுக்கு மேற்பட்ட வாசம் இருக்கிறது. ஆனாலும் அவள் திருநாமம் இன்றைக்கும் சாந்தாதுர்க்கா குங்கோளிகரீண். தமிழில் சொன்னால், குங்கோளிக்காரி.